உப்புச் சாக்குப் படிகள்

எங்கள் ஊரில் மலை கிடையாது. இருக்கிற மேடெல்லாம் உப்பளத்து அம்பாரங்கள்தான். அதிலும் ஏறினால் வாட்ச்மேன் கம்பைத் தூக்கிக்கொண்டு வருவார். அப்படிப்பட்ட தூத்துக்குடியில் ஒரு மலையேற்றக் குழு இருந்தது என்று சொன்னால் இப்போது சிரிக்கிறார்கள். இருந்தது. பதினைந்து பேர் இருப்பார்கள். தலைவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். தினமும் உயரமான ஏணியில் ஏறி இறங்குகிறார் என்ற ஒரே தகுதியில் அவரைத் தலைவராக்கியிருந்தார்கள். குழுவில் ஒரே பெண் என் அத்தை, அப்பாவின் தங்கை.

அத்தைக்கு அப்போது இருபத்தாறு வயது. உப்புக் கம்பெனி ஒன்றின் ஆபீஸில் லாரிகளுக்குச் சீட்டு எழுதும் வேலை. பகல் முழுக்க நாற்காலியில் இருந்துவிட்டு வருகிறவள் வீட்டில் உட்காரவே மாட்டாள். பல் தேய்ப்பது, காப்பி குடிப்பது, போன் பேசுவது எல்லாம் நடந்தபடிதான். மொட்டை மாடியில் அவள் நடக்கிற சத்தம் கீழே எங்களுக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்பாள் அம்மா. அந்தச் சக்கரத்தில் ஒன்று அண்ணன் மகளான எனக்கும் கிடைத்திருந்தது. எனக்கு ஒன்பது வயது. வகுப்பில் நான் நெளிகிற நெளிப்பைத் தாங்காமல் கரும்பலகை துடைக்கிற வேலையை டீச்சர் எனக்கே நிரந்தரமாகக் கொடுத்திருந்தார்.

மலைக்குப் போகிறேன் என்று அத்தை கேட்டபோது அப்பா ஒரு வாரம் பதில் சொல்லவில்லை. பிறகு ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னார்.

"ஆம்பளையளுக்கு நடுவுல நீ ஒருத்தியா எப்பிடிளா போவ? பிள்ளையக் கூட்டிக்கிட்டுப் போறதுன்னாப் போ. விளக்கு வைக்கதுக்குள்ள வீட்டுல இருக்கணும்."

நான் தோசையை வாயில் வைத்தபடி அப்படியே நின்றேன். அப்பாவுக்கு என் மேல் இவ்வளவு பிரியம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

பொங்கல் முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். வேனில் என்னால் இருக்க முடியவில்லை. ஸ்ரீவைகுண்டம் பாலத்தைத் தாண்டும்போதே மலை எங்கே, மலை எங்கே என்று பிடுங்க ஆரம்பித்தேன். கடைசியில் அது நீல நிறத்தில் எழுந்து வந்தபோது, ஓடிப்போய் உச்சியில் நின்றுவிட வேண்டும் என்று கால் பரபரத்தது. ஆனால் அன்று மலையேற்றம் கிடையாது என்பது அடிவாரத்தில்தான் தெரிந்தது. மழையில் பாதையின் ஒரு பகுதி சரிந்து கிடந்தது. அதைச் சீர்செய்து கொடுத்தால் மாதம் ஒரு முறை மேலே போய்வர அனுமதி தருவதாக வனத்துறை ரேஞ்சர் சொல்லியிருந்தார். ஆகவே மலையேற்றக் குழு மண்வெட்டியும் கடப்பாரையும் அரிவாளும் தூக்கிக்கொண்டு மண் வேலைக்கு வந்திருந்தது.

சரிவில் படி கட்ட வேண்டும். கல் கீழே ஓடையில்தான் இருந்தது. அங்கிருந்து சுமந்து வந்தால் முதுகு ஒடிந்துவிடும். அத்தைதான் முன்கூட்டியே யோசனை சொல்லி, கம்பெனியில் கழித்துப் போட்ட சாக்குகளைக் கட்டுக்கட்டாக வேனில் ஏற்றியிருந்தாள். சாக்கில் மண்ணை நிரப்பி, வாயைத் தைத்து, வரிசையாகப் பதித்துவிட்டால் படி. கரையைக் கடல் அரிக்கும்போது மணல் மூட்டை அடுக்குகிற ஊர்க்காரர்களுக்கு இதைவிட நல்ல வழி தோன்றுமா? தலைவர் அத்தையைப் பாராட்டி ஒரு சின்னப் பிரசங்கமே செய்தார்.

எனக்குச் சாக்கின் வாயை விரித்துப் பிடிக்கிற வேலை. நாலாவது சாக்கிலேயே அலுத்துவிட்டது. எப்போது மேலே போவோம் என்று படிக்கு ஒரு தரம் கேட்டேன். "இது முடியட்டும்ளா" என்று அத்தையும் படிக்கு ஒரு தரம் சொன்னாள். அவள் முகமெல்லாம் மண். மூன்று மணிக்கு முப்பத்தெட்டுப் படிகள் ஆனதும் எல்லோரும் வேனுக்கு இறங்கிவிட்டார்கள். அத்தை மட்டும் அந்தப் படிகளில் கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே என்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். தலைவர் ஹாரன் அடிக்கச் சொன்ன பிறகுதான் வந்தாள். அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

ஒரு மாதம் கழித்துப் போனோம். படிகளைப் பார்த்து ரேஞ்சரிடம் சொல்வதற்காக வனத்துறை வாட்சர் ஒருவரும் கூட வந்தார். சரிவைத் திரும்பியதும் முன்னால் போன தலைவர் நின்றுவிட்டார். படி என்று ஒன்றுகூட மிச்சமில்லை. சாக்குகள் நார்நாராகக் கிழிந்து செடிகளில் தொங்கின. மண் முழுக்கச் சரிந்து போயிருந்தது.

"ஆட்டுக்காரப் பயலுவ வேலை இது" என்றார் தலைவர். ஆளாளுக்குக் கொதித்தார்கள். அடிவாரத்து ஊருக்குப் போய் நியாயம் கேட்க வேண்டும் என்று ஒருவர் சட்டைக் கையை மடித்தேவிட்டார். வாட்சர் குந்தி உட்கார்ந்து, கிழிந்த சாக்கில் ஒரு துண்டை எடுத்து நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார்.

"இது என்ன சாக்கு?"

"உப்புச் சாக்கு" என்றாள் அத்தை.

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மண்ணில் பதிந்திருந்த குளம்படிகளைக் காட்டினார். "மிளா மான் வந்து நக்கியிருக்கும்மா. ஒரு வாய் உப்புக்கு அது காடெல்லாம் அலையும். நீங்க பந்தியே விரிச்சிருக்கிய."

எங்கள் ஊரில் ஜன்னல் கம்பியைத் தொட்டாலும் உப்பு, காற்றிலும் உப்பு. சாக்கை நாலு தடவை உதறிவிட்டால் சுத்தம் என்பது எங்கள் ஊர்க்காரர்களின் நம்பிக்கை. மற்றவர்களும் சிரிக்கத் தொடங்கினார்கள். "உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்லுவாவ. இனி மிளா எல்லாம் உங்கள மறக்காது" என்றார் தலைவர். அத்தையும் கூடச் சேர்ந்துதான் சிரித்தாள். காது மட்டும் சிவந்திருந்தது.

வாட்சர் நல்ல மனிதர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து கல்லாலேயே கட்டிவிட்டால் ரேஞ்சரிடம் நல்லபடியாகச் சொல்வதாகவும், வேலை முடிந்ததும் அன்றைக்கே உச்சிவரை கூட்டிப் போவதாகவும் சொன்னார். திரும்பும் வழியெல்லாம் அத்தை பழைய பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் படி வரைந்துகொண்டே வந்தாள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு தடவை வந்தாகிவிட்டது. முள் கிழித்ததைத் தவிர நான் கண்ட பலன் ஒன்றுமில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா எப்படி இருந்தது என்று கேட்டாள். கொட்டிவிட்டேன். "அத்தை கொண்டாந்த சாக்காலதான் எல்லாம் போச்சு. எல்லாரும் அத்தையப் பாத்துச் சிரிச்சாவ. இனிமே நான் போவ மாட்டேன்."

அப்பா பேப்பரை மடித்தார். "பிள்ளைக்கே பிடிக்கலங்கா. அப்புறம் என்ன?"

"அடுத்த வாரம் மட்டும் அண்ணே. தப்பு என்னோடது. நான்தானே சரி பண்ணணும்."

"பிள்ளை வந்தாப் போ" என்றார் அப்பா. அத்தோடு பேச்சு முடிந்தது.

அந்த வாரம் முழுவதும் எனக்கு ராஜ மரியாதை. திங்கட்கிழமை அத்தை ஒரு பொட்டலம் முந்திரி மக்ரூன் வாங்கி வந்தாள். புதன்கிழமை இன்னொன்று. இரண்டையும் நானே தின்றேன். கணக்கு வீட்டுப்பாடத்தை அத்தையே போட்டுக் கொடுத்தாள். இந்த முறை உச்சிக்கே போகிறோம் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஒரு பெரிய ஆள் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பது இன்பமாக இருந்தது. அதை முடித்துக்கொள்ள மனம் வரவில்லை. அதற்கடுத்த வாரம் அத்தையைப் பார்க்க ஏரலிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வரப்போகிறார்கள் என்பது வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியாது.

சனிக்கிழமை மாடியில் நடக்கிற சத்தம் நிற்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியும் முன் அத்தை வந்து என்னைத் தொட்டாள். தலை பின்னி, சுடிதாரும் வெள்ளை கேன்வாஸ் ஷூவுமாகத் தயாராக நின்றாள். "ஏளா, எந்திரி. வண்டி வந்துட்டு."

எனக்கு முழு விழிப்பு வந்துவிட்டது. என்றாலும் பாயில் புரண்டு, கால் வலிக்கிறது என்றேன். எந்தக் கால் என்று கேட்டாள். இடது கால் என்றேன். தெருமுனையில் வேன் இரண்டு முறை ஹாரன் அடித்தது. முன்னறையிலிருந்து அப்பா, வண்டியை அனுப்பிவிடும்படி சொன்னார். அத்தை ஷூவோடு தெருமுனைவரை நடந்து போய் ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள். அன்று பகல் முழுக்க வீட்டிலிருந்த திரைச்சீலைகளையும் போர்வைகளையும் ஒன்று விடாமல் துவைத்துப் போட்டாள்.

கல் படிகளைக் குழுவினர் அன்றே கட்டி முடித்து, உச்சிக்கும் போய் வந்தார்கள். வைகாசியில் அத்தைக்குக் கல்யாணம் ஆனது. அந்த மலைக்கு அவள் பிறகு போகவேயில்லை. அவள் என்னைக் கூட்டிக்கொண்டு போகிறாள் என்று நான் நினைத்திருந்தேன். நான் வந்தால்தான் அவள் போக முடியும் என்பது என் தலையில் ஏற இன்னும் பல வருடங்கள் ஆயின. ஏறிய அன்று வெட்கத்தில் எனக்கு அழுகை வந்தது.

அந்த ஞாயிறு சாயங்காலம், துணியெல்லாம் மடித்து வைத்த பிறகு, அத்தை தேங்காய் எண்ணெயைச் சூடாக்கிக் கொண்டுவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இடது காலை மடியில் எடுத்து வைத்து முட்டியிலிருந்து பாதம்வரை நன்றாகத் தேய்த்துவிட்டாள். வலி தேவலையா என்று கேட்டாள். சுகமாக இருந்தது. நான் மற்றக் காலையும் நீட்டினேன்.