ஸ்டெல்லா அக்கா வரைந்த சாவுகள்

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அக்காவின் கணவர் சேவியர் அண்ணன் அழைத்தார். நான் ஒரு சடங்கு வீட்டு பேனரை அச்சில் ஓடவிட்டிருந்தேன். “ஸ்டெல்லா போயிட்டா தம்பி,” என்றார். பிறகு, “போஸ்டர் அடிக்கணும். அவ நல்ல போட்டோ ஒங்கிட்டத்தான் இருக்கும்,” என்றார்.

திண்டுக்கல்லில் எங்கள் பிளெக்ஸ் கடையில் பதினான்கு ஆண்டுகள் ‘கண்ணீர் அஞ்சலி’ போஸ்டர்களை வடிவமைத்தவர் ஸ்டெல்லா அக்கா. அவருக்கான போஸ்டரை அவருடைய கணினியிலேயே செய்தேன். எப்படிச் செய்தேன் என்று கேட்காதீர்கள்.

அறியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். உள்ளூர் மாத இதழ் ஒன்றில் சாவைப் பற்றிய கேலிச்சித்திரங்கள் வரைந்தவர் அவர். மதியச் சாப்பாட்டு வேளையில், மையில் தொட்டு எழுதும் நிப் பேனாவால் வரைவார். நிழலுக்கு அதே மையில் தண்ணீர் கலந்து பூசுவார்.

நான் முதலில் பார்த்த படத்தில், கணவன் தோட்டத்தில் குழி வெட்டுகிறான். “தென்னம்பிள்ளைக்கு இம்புட்டு நீளமாவா வெட்டுவாக?” என்கிறாள் மனைவி. வெயிலில் அவள் நிழல் அந்தக் குழிக்குள் அளவெடுத்தாற்போல் விழுந்திருக்கிறது. கணவனுக்கோ கத்தரிக்காய் பொறுக்குகிறவனின் முகம்.

“அவன் மூஞ்சியில கொஞ்சம் கொடூரம் வேணாமாக்கா?” என்று கேட்டேன்.

“அதையும் நானே வரைஞ்சிட்டா பாக்குறவங்களுக்கு என்ன வேலை?” என்றார்.

பிறகு வந்தது துட்டி வீட்டுப் படம். கூடத்தில் பிணம் கிடத்திய ஐஸ் பெட்டி. ஒரு பெண் டீத் தட்டோடு வர, இன்னொருத்தி பெட்டியைக் காட்டிச் சொல்கிறாள்: “அவருக்குச் சுகர் இருக்கு, சீனி போடாமக் குடு.” சிரித்துவிட்டு, சிரித்ததற்காக வெட்கப்பட்டேன். உற்றுப் பார்த்தால் யார் முகத்திலும் அதிர்ச்சி இல்லை. டம்ளர்களின் ஆவியைக்கூடத் தனித்தனியாக வரைந்திருந்தார். சாவுக்கென்று வரைந்தது, சேர்த்துக் கட்டிய இரண்டு கால் கட்டைவிரல்கள் மட்டுமே.

அந்த இதழைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வடமதுரையிலிருந்து ஒருவர் கடைக்கே வந்துவிட்டார். மழித்த தலையில் அப்போதுதான் முடி முளைத்திருந்தது. “எங்கப்பா போயி இருவது நாளு ஆகல. சாவு ஒங்களுக்கு வெளயாட்டா இருக்கா?”

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டார். “எம் மக ஒம்பது வயசுல காய்ச்சல்ல போயிட்டா. அவ போஸ்டர நாந்தான் பண்ணேன். அன்னையிலேருந்து வேற எப்படி இருக்குறதுன்னு எனக்குத் தெரியலண்ணே.”

நான் வேலைக்குச் சேர்வதற்கு முன் நடந்தது அது. எனக்கும் அன்றுதான் தெரியும். வந்தவர் இதழை விரித்து வெகுநேரம் பார்த்தார். “எங்கப்பாவுக்கும் சுகருதான்,” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

சென்ற ஆண்டு அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். மதுரையில் மருந்து ஏற ஏற விரல்கள் மரத்துப்போயின. கோடு நடுங்கியது. “இதுவும் நல்லாத்தான்க்கா இருக்கு,” என்று பொய் சொன்னேன்.

“கோடு நடுங்குனா பயம் தெரிஞ்சிரும் தம்பி. எம் படத்துல அது தெரியக் கூடாது.” தாளைக் கிழிக்கப் பார்த்தார். அதற்கும் விரலில் வலுவில்லை. என்னிடம் நீட்டினார். கிழித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மருத்துவமனைக்குப் போனபோது மடியில் அட்டை வைத்து வரைந்துகொண்டிருந்தார். காலிக் கட்டில், மடித்து வைத்த போர்வை, ஆரஞ்சுப் பையோடு பார்க்க வந்து நிற்கும் ஒருவன். நர்ஸ் சொல்லும் வரியைக் கீழே எழுதிவிட்டார்: “வெளிய போயிருக்காங்க, உக்காருங்க.” பார்க்க வந்தவனின் முகம்தான் பாக்கி.

“ஒன்னையப் பாத்து வரையிறேன். பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி சும்மா மூஞ்சிய வச்சுக்க.”

வைத்துக்கொண்டேன். ஒரு நிமிடம்கூட நிலைக்கவில்லை, உதடு கோணியது. “மறுபடி,” என்றார். மறுபடியும் அப்படித்தான். மூன்றாம் முறை பேனாவைக் கீழே வைத்தார்.

“நீயும் ஏமாத்திட்டியே தம்பி.” சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். என்னிடம் அவர் கடைசியாகப் பேசியது அதுதான்.

நேற்று அகரம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் முடிந்தது. அந்தப் படம் என்னிடம் இருக்கிறது. ஒரு கோட்டிலும் நடுக்கம் இல்லை. அதற்கு முன் எத்தனை தாள்கள் கிழிபட்டனவோ. ஆரஞ்சுப் பையோடு நிற்பவனுக்கு முகம் இல்லை.

போய் வாருங்கள், அக்கா. இன்று காலையும் கண்ணாடி முன் நின்று அந்தச் சும்மா மூஞ்சிக்கு முயன்றேன். வரவில்லை.