மாப்பிள்ளை மேல் ஓர் ஆட்டு வழக்கு

தங்கைக்கு அமெரிக்காவிலிருந்து சம்பந்தம் வந்தபோது நாங்கள் ஒக்லாந்தின் ஹில்ஸ்பரோ பகுதியில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அம்மா, தங்கை, நான். தொண்ணூறுகளின் பிற்பகுதி. அப்பா நாங்கள் நியூசிலாந்துக்கு வருவதற்கு முன்பே காலமாகிவிட்டதால், மாப்பிள்ளையை விசாரிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எனக்கே இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை.

மாப்பிள்ளை மண் ஆராய்ச்சி படித்தவர். அமெரிக்காவின் நடுப்பகுதியில், சோள வயல்களுக்கு நடுவே ஒரு சின்னக் கவுண்டியில் அவருக்கு வேலை. கவுண்டி என்றால் நம்முடைய மாவட்டம் மாதிரி. ஆனால் ஆட்கள் இல்லாத மாவட்டம். சம்பந்தம் பேசிய டொராண்டோ மாமி, “சுத்த சைவம், குடியில்லை, சிகரெட் இல்லை” என்று தொலைபேசியில் அடுக்கினார். சாதகமும் பொருந்தியது. அம்மாவுக்கு அது போதவில்லை.

“ஊரெண்டால் பக்கத்து வீட்டில கேட்கலாம், படிப்பிச்ச வாத்தியாரிட்டக் கேட்கலாம். உந்தச் சோளத்துக்குள்ள ஆரிட்டப் போய்க் கேட்கிறது, தம்பி?”

தங்கை மட்டும் எதிலும் பட்டுக்கொள்ளவில்லை. மவுண்ட் வெல்லிங்டனில் மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். பதினாலு வயதில் இங்கே வந்தவள். “நீங்களே பாருங்கோ” என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சியைப் போடுவாள். அவள் சொன்ன விதத்தில், இது அவளுடைய கல்யாணமா, எதிர்வீட்டுக் கல்யாணமா என்று சந்தேகம் வரும்.

நான் பென்ரோஸில் ஒரு சரக்குக் கிடங்கின் அலுவலகத்தில் வேலை செய்தேன். லொறிகளை அனுப்புவதைக் கவனித்த பெண்மணி பல வருடம் அமெரிக்காவில் வாழ்ந்தவர். தேநீர் இடைவேளையில் அவரிடம் என் கஷ்டத்தைச் சொன்னேன். அவர் பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தபடி, வெகு சாதாரணமாகச் சொன்னார்: அங்கே போலீஸ் யாரைப் பிடித்தது, எதற்காக, சிறையில் எத்தனை நாள் வைத்தது, எல்லாமே பொதுப் பதிவு. யார் வேண்டுமானாலும் கேட்கலாம். சின்ன ஊர் என்றால் போனிலேயே சொல்லிவிடுவார்கள்.

நான் நம்பவில்லை. எங்கள் ஊரில் ஒருவரைப் பிடித்துக்கொண்டு போனால், எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு அவருடைய தாய் இராணுவ முகாம் முகாமாக அலைவாள். கடைசிவரை பதில் கிடைக்காத தாய்மாரை எனக்குத் தெரியும். அமெரிக்காவிலோ, பூமியின் மறுபக்கத்திலிருந்து யாரோ ஒருவன் போன் செய்தால் வாசித்துக் காட்டுவார்களாம்!

அலுவலகத்தில் இன்டர்நெட் இருந்தது ஒரே ஒரு கணினியில்தான். மதிய இடைவேளையில் மோடம் கத்தி முடித்ததும் அந்தக் கவுண்டியின் பெயரை அடித்தேன். ஒரு பக்கம் மெல்ல மெல்ல இறங்கியது. மேலே ஆடும் கொடி. நடுவில் நீதிமன்றக் கட்டடத்தின் படம். கீழே மஞ்சள் எழுத்தில், “சிறைப் பதிவுகள் பொதுமக்களுக்குத் திறந்தவை” என்ற வரி. அதோடு ஷெரிஃப், அதாவது கவுண்டியின் போலீஸ் தலைவர், அலுவலகத் தொலைபேசி எண்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, மேலாளரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, போன் கார்டைச் சுரண்டி அலுவலகத்திலிருந்தே அழைத்தேன். அங்கே வெள்ளிக்கிழமை பிற்பகல். வயதான பெண் குரல் ஒன்று எடுத்தது. மாப்பிள்ளையின் நீண்ட பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்ல ஆரம்பித்தேன். நாலாவது எழுத்திலேயே அந்த அம்மாள் சிரித்துவிட்டார்.

“அட, அவரா! நல்லாத் தெரியுமே!”

நான் பேனாவை எடுத்துக்கொண்டேன். “பதிவு ஏதாவது இருக்கிறதா?”

“ஏன் இல்லை? போன வசந்த காலத்தில். ஓர் இரவு உள்ளே இருந்தார்.”

“எதற்காக?”

“ஆடு திருடியதற்காக.”

தவறாகக் கேட்டுவிட்டேனோ என்று எழுத்துக் கூட்டச் சொன்னேன். கூட்டினார். சந்தேகமே இல்லை, ஆடுதான். “ஃபேக்ஸ் நம்பர் கொடுங்கள், அனுப்புகிறேன்” என்றவர், வேறு அழைப்பு வருகிறது என்று வைத்துவிட்டார்.

பத்து நிமிடத்தில் ஃபேக்ஸ் இயந்திரம் உறுமியது. என் அதிர்ஷ்டம், இரண்டு லொறி ஓட்டுநர்கள் அதன் பக்கத்திலேயே கையெழுத்துப் போடக் காத்திருந்தார்கள். ஷெரிஃபின் நட்சத்திர முத்திரை முதலில் வந்தது. பிறகு மாப்பிள்ளையின் படம். ஃபேக்ஸில் அது சுட்ட கத்தரிக்காய் மாதிரி வந்திருந்தது. உயரம், எடை, கண்ணின் நிறம். குற்றச்சாட்டு: கால்நடைத் திருட்டு, ஆடு ஒன்று. கைதியிடம் இருந்தவை: பேனா, கைக்குட்டை, ஒரு பை மண். கடைசி வரியில், வழக்குத் தள்ளுபடி.

“உன் சொந்தக்காரரா?” என்று ஓர் ஓட்டுநர் கேட்டார்.

“இன்னும் இல்லை” என்றேன்.

வீட்டில் அம்மா அந்தத் தாளைக் கையால் தொடவும் இல்லை. சோபாவில் இருந்தபடி தூரத்திலிருந்தே பார்த்தார்.

“ஆட்டுக் கள்ளனுக்கோ என்ர பிள்ளையைக் குடுக்கிறது?”

“தள்ளுபடி எண்டு போட்டிருக்கு, அம்மா.”

“தள்ளுபடியோ தள்ளாத படியோ! டொராண்டோவுக்கு எடு. வேண்டாமெண்டு சொல்லு.”

பிற்பகலில் தங்கை வேலை முடிந்து வந்தாள். தாளை நின்றபடி வாசித்தாள். முதலில் அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நான் எழுந்தேன். சிரிப்பு! சுவரைப் பிடித்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, கண்ணீர் வரச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன. எனக்கும் தொற்றிக்கொண்டது.

“அண்ணா, சுத்த சைவமான மனுஷன் ஆட்டைக் களவெடுத்து என்ன செய்யிறது?” என்றாள் மூச்சு வாங்க. “எனக்குத் தெரிஞ்சே ஆக வேணும். நம்பரைத் தாங்கோ.”

அன்றுவரை மாப்பிள்ளையின் புகைப்படத்தைக்கூட அவள் இரண்டாம் தரம் பார்க்கவில்லை.

ஞாயிறு காலை சமையலறைத் தொலைபேசியில் ஸ்பீக்கரை அழுத்தினாள். எங்கள் முன்னால்தான் பேச வேண்டும் என்பது அம்மாவின் நிபந்தனை. எதிர்முனையில் ஆண் குரல் வந்ததும் தங்கை தன் பெயரைச் சொன்னாள். பிறகு எந்த முகவுரையும் இல்லாமல், “ஆட்டைப் பற்றிக் கதைக்க வேணும்” என்றாள்.



“அதை நானே சொல்ல வேணுமெண்டுதான் இருந்தனான்,” என்றது குரல். “எப்பிடித் தொடங்கிறதெண்டு தெரியேல்லை. மூண்டு கடிதம் எழுதிக் கிழிச்சுப்போட்டன்.”

“இப்ப சொல்லுங்கோ.”

சொன்னார். ஒரு பண்ணை ஓரமாகக் காரை நிறுத்தி, பின்கதவைத் திறந்துவிட்டு, பரிசோதனைக்கு மண் எடுக்க வயலுக்குள் போயிருக்கிறார். திரும்பி வந்து, பார்க்காமலே கதவைச் சாத்திவிட்டு ஓட்டியிருக்கிறார். வழியில் ஏதோ முனகுகிற சத்தம். இன்ஜின் பெல்ட் தேய்ந்துவிட்டது என்று நினைத்தாராம்.

“ஆடு கத்தினது பெல்ட் மாதிரியோ இருந்தது?”

“பழைய கார், அதுக்கு எல்லாச் சத்தமும் வரும். போலீஸ் மறிச்சு, பின்னால ஆர் எண்டு கேட்டார். ஒருத்தருமில்லை எண்டன். அந்த நேரம் பார்த்து அது என்ர தோளில தலையை வைச்சிட்டுது.”

தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். பண்ணைக்காரர் வெளியூர் போயிருந்ததால் விசாரிக்க ஆளில்லை. எனவே மாப்பிள்ளை உள்ளே, சாட்சிப் பொருளாக ஆடு வெளியே. அவர் இறைச்சி சாப்பிட மாட்டார் என்று தெரிந்ததும், ஷெரிஃபின் மனைவி வீட்டிலிருந்து உருளைக்கிழங்கு அவித்து அனுப்பியிருக்கிறார். மறுநாள் பண்ணைக்காரர் வந்து தலையில் அடித்துக்கொண்டாராம். கதவு திறந்த வண்டி எதுவானாலும் ஏறிவிடுகிற ஆடாம் அது. அதற்கு முந்தின மாதம் தபால் வண்டியில் போயிருக்கிறது.

அதற்கு மேல் நாங்கள் கேட்க முடியவில்லை. தங்கை ஸ்பீக்கரை நிறுத்தினாள். நீளமான வயரை இழுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். ஒன்றரை மணி நேரம் உள்ளே சிரிப்புச் சத்தம். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே கதவைப் பார்த்தார். கடைசியில் கத்தியைக் கீழே வைத்தார்.

“உலகத்தில எத்தினை கார் இருக்கு. அந்த அறுந்த ஆடு ஏன் எங்கட பெடியன்ர காரில போய் ஏறினது?”

‘எங்கட பெடியன்’ என்று அவர் சொன்னதை நான் காதில் போட்டுக்கொண்டேன். அன்றைக்கே டொராண்டோ மாமிக்குச் சம்மதம் சொன்னோம்.

கோடையில் அவர் பெண் பார்க்க ஒக்லாந்துக்கு வந்தார். விமானம் இறங்கி ஒரு மணி நேரமாகியும் ஆளைக் காணோம். மற்றப் பயணிகள் எல்லாரும் போய்விட்டார்கள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “திரும்பவும் பிடிச்சிட்டாங்களோ?” என்றார். தங்கை நகத்தைக் கடித்தாள். கண்ணில் மட்டும் சிரிப்பு.

கடைசியாக அவர் வெளியே வந்தார். ஒரு கையில் பெட்டி, மறு கையில் சொட்டச் சொட்ட இரண்டு சப்பாத்துகள், காலில் காலுறை மட்டும். சப்பாத்தில் பண்ணை மண் ஒட்டியிருந்ததாம். இந்த நாட்டுக்குள் வெளிநாட்டு மண் ஒரு துளி வரக் கூடாது என்று அதிகாரிகள் கழுவிக் கொடுத்திருக்கிறார்கள். எவ்வளவு அழகாகக் கழுவினார்கள் என்பதை அவர் எங்களுக்கு வியந்து வியந்து விளக்கினார். வணக்கம் சொல்லவே மறந்துவிட்டார்.

தங்கை அவரிடமிருந்து சப்பாத்துகளை வாங்கிக்கொண்டாள். இருவரும் ஏதோ பேசியபடி முன்னால் போனார்கள். அம்மா பின்னாலேயே ஓடினார்.

“தம்பி, சொக்ஸ் நனையப் போகுது. அந்த ட்ரொலியில ஏறி இருங்கோ!”

அவர் உண்மையிலேயே ஏறி உட்கார்ந்தார். நான்தான் தள்ளினேன்.