வட்டுவாகலைக் கடந்த என் பெரியம்மா

"அது யாழ்ப்பாணத்து ஆளுங்க சண்டை, பாப்பா. அதுல நம்ம ஆளு யாரு செத்தா?"

எங்கள் தேயிலைத் தோட்டத்தின் தலைவர் ஒருநாள் இப்படிக் கேட்டார். தொழிற்சங்கத்தின் தோட்டக் கமிட்டிக்குத் தலைவர். தொழிலாளர் குடியிருக்கும் எந்த லயத்து வரிசையில் கூரைத் தகரம் பறந்தாலும் முதல் ஆளாக வந்து நிற்பார். கெட்ட மனிதர் அல்ல. இனப்படுகொலைக்கு நீதி கேட்டு உட்கார்ந்திருக்கும் தாய்மாரோடு இருக்க நான் கிளிநொச்சிக்குப் போகிறேன் என்று கேள்விப்பட்டு, பஸ்ஸுக்கு நின்ற என்னிடம் வந்திருந்தார்.

"என் பெரியம்மா குடும்பம் அங்கதானே இருந்துச்சு?"

"அவங்க போனவங்க," என்றார். போனவர்கள் நம்மில் சேர்த்தி இல்லை என்பதுபோல.

பெரியம்மா, அதாவது அம்மாவின் அக்கா, ஆசைப்பட்டுப் போகவில்லை. தமிழருக்கு எதிரான கலவரத்தில் லயத்தை எரித்தார்கள். தமிழாட்கள் நிறைய இருக்கும் இடத்தில் பயமில்லை என்று அவரும் அவர் புருஷனும் வடக்கே வன்னிக்கு லொறி ஏறினார்கள். அங்கே ஒருவருடைய காணி மூலையில் குடிசை போட்டு, அவரிடமே கூலிக்கு நின்றார்கள். இனப்படுகொலை என்ற சொல்லை எங்கள் தோட்டத்தில் யாரும் சொல்வதில்லை. எனக்கோ லயத்தை எரித்ததும், அதற்குப் பயந்து ஓடியவர்களைப் பல வருடம் கழித்து வன்னியில் முடித்ததும் ஒரே காரியம்.

சமாதான காலத்தில் பாதை திறந்தபோது, அதற்குள் புருஷனை இழந்திருந்த பெரியம்மா ஒரு தடவை வந்தார். எனக்கு ஆறு வயதிருக்கும். பனங்கிழங்குக் கட்டோடு வந்து இறங்கி, "இந்தக் குளுருல எப்படிடி மனுசி இருப்பா?" என்று தான் பிறந்த இடத்தையே திட்டினார். யார் காணியில் இருக்கிறார், அது எந்தக் குளத்துக்குப் பக்கம் என்று அவர் அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்ததை மடியில் படுத்துக்கொண்டு கேட்டேன்.

போர் முடிந்ததாக அறிவித்த நாளில் நானும் அம்மாவும் பதுளை டவுனில் இருந்தோம். வெடி கொளுத்தினார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் மேசை போட்டு, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் பாற்சோறு கொடுத்தார்கள். அம்மாவின் கையிலும் ஒரு துண்டு வைத்தார்கள். அம்மா சிரித்தார். சிங்களத்தில் நன்றி சொல்லி, அவர்கள் பார்க்கத் தின்றார். அக்காவிடமிருந்து பல மாதங்களாக ஒரு சொல்லும் வந்திருக்கவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அன்றே நான் ஏதோ சபதம் எடுத்தேன் என்றால் பொய். ஆனால் அதற்குப் பிறகு படித்ததையெல்லாம் அந்தக் கையை நினைத்துக்கொண்டுதான் படித்தேன்.

எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். கம்பஸ் போன முதல் ஆளும் நான்தான். இப்போது பதுளையில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் மொழிபெயர்க்கிறேன். இதைச் சொல்லும்போது நான் குரலைத் தாழ்த்துவதில்லை. ஆனால் படிப்பு ஏற ஏறப் பேச ஆள் குறைந்தது. டவுனில் வாடகை அறை. சனிக்கிழமை லயத்துக்குப் போனால் பக்கத்து வீட்டு அக்காமார் பேச்சை நிறுத்திவிட்டுக் கதிரை எடுத்துப் போடுகிறார்கள்.

கிளிநொச்சியில் அந்தத் தாய்மாரின் கொட்டிலிலும் நான் தனிதான். எல்லோர் மடியிலும் காணாமல்போன ஒருவரின் படம் இருக்கும். பெரியம்மாவின் படம் எங்களிடம் இல்லை. படமில்லாமல் உட்கார்ந்திருப்பவளிடம் யாரும் மைக்கை நீட்டுவதில்லை. முதல் தடவை, "உங்கட மலைநாட்டு ஆக்களும் இஞ்ச செத்தவையோ?" என்று ஓர் அம்மா உண்மையாகவே தெரியாமல் கேட்டார். நான் வருடா வருடம் போனேன். போன வருடம் அங்கே வந்திருந்த ஒருவரின் வாயிலிருந்து அந்தக் குளத்தின் பெயர் வந்தது. விசாரித்தால், பெரியம்மா இருந்த காணி அவருடைய அண்ணனுடையது.

"ஓம், ஒரு தோட்டக்..." என்று எங்களை இகழும் சொல்லைத் தொடங்கி, நிறுத்தி, "ஒரு மலைநாட்டு அம்மா இருந்தவ," என்றார்.

"கடைசியா எங்க பார்த்தீங்க?"

"கடைசி நாள், ஆமிக்காரரிட்டப் போற வட்டுவாகல் பாலத்தடியில. பேரப்பிள்ளையை உரப்பையில வைச்சு, கயித்தை நெத்தியில மாட்டி முதுகில காவிக்கொண்டு வந்தவ, கொழுந்துக் கூடை மாதிரி. எங்கட சனம் அப்பிடிக் காவாது. அந்தச் சாவுக்குள்ளயும் பொடியள் சிரிச்சவங்கள். 'சிரிங்கடா, கொஞ்ச நேரத்துல உங்க கைதான் வலிக்கும்' எண்டவ." அவரும் சிரித்தார். பிறகு நிறுத்தினார். "பாலம் தாண்டினவுடன துவக்கோட நிண்டவங்கள் மகளையும் மருமகனையும் தனிய வரச் சொன்னவங்கள். இவவும் பிள்ளையோட பின்னால போய் அதே பஸ்ஸில ஏறினவ. நான் கண்ணால கண்டனான்."

"பேரு சொல்லுங்க."

நெடுநேரம் யோசித்தார். "தெரியாது, பிள்ளை. நாங்கள் கேக்கேல்ல."

இருபது வருடத்துக்கு மேல் அவர்கள் காணியில் மிளகாய் பிடுங்கிய பெண்.

"நீர் பேரைச் சொல்லும். நானும் அதையே சொல்லிக் கையெழுத்து வைக்கிறன்," என்றார். சொல்லித்தரப்பட்ட பெயர் முதல் குறுக்கு விசாரணையிலேயே உடைந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். அதைவிட, பெயரைக் கேட்காமலே இருந்ததும் நடந்த ஒன்று. அதுவும் எழுத்தில் இருக்கட்டும் என்று நினைத்தேன். 'மலைநாட்டு அம்மா' என்றே, நீதிமன்றத்துக்கான அவருடைய சத்தியக்கடதாசி முடிந்தது.

எங்கள் சட்டத்தரணி யாழ்ப்பாணத்தவர். வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பேரில்லாத சாட்சி நிக்காது, பிள்ளை. அந்தக் காணியில இருந்தது தன்ர அக்காதான் எண்டு அம்மாவைக் கொண்டு ஒண்டு எழுதுவியும்."

அம்மா இன்னும் எங்கள் ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். அந்தச் சனிக்கிழமை அடுப்படியில் வைத்துக் கேட்டேன்.

"நான் எதுலயும் கை வைக்க மாட்டேன்."

"ஒரு கையெழுத்துதாம்மா."

"எங்கப்பாவும் ஒரு பிரஜாவுரிமைத் தாள்லதான் பெருவெரல வச்சாரு. படிச்சவன் ஒருத்தன் நீட்டுனான், வச்சாரு. அண்ணன் ரெண்டு பேரையும் இந்தியாவுக்குக் கப்பலேத்திட்டாங்க. அதோட அவங்க மொகத்தப் பாக்கல. இப்ப நீ படிச்சுட்டு வந்து நீட்டுற."

நான் தாளை மடித்துப் பையில் வைத்தேன். "சோறு போடவா?" என்று அம்மா கேட்டார். சாப்பிட்டுவிட்டுக் கடைசி பஸ்ஸில் அறைக்குத் திரும்பினேன்.

நான் எதைச் சத்தியம் செய்ய முடியும் என்று யோசித்தேன். பாலத்தை நான் பார்க்கவில்லை. பெரியம்மாவின் முழுப்பெயர் தெரியும். மகள், மருமகன் பெயர்கள் தெரியும். பேரப்பிள்ளைக்கு வைத்த பெயரை அவர் கடைசி டெலிபோனில் சொன்னது தெரியும். ஆறு வயதில் மடியில் படுத்துக் கேட்ட காணியும் குளமும் தெரியும். அவ்வளவையும், ஒரு சொல்கூட மிகையில்லாமல், என் சத்தியக்கடதாசியாக எழுதினேன். "இதுவும் மெலிவுதான்," என்றார் சட்டத்தரணி. ஆனாலும் பக்கம் பக்கமாகத் திருத்தித் தந்தார். மனுவை வவுனியா நீதிமன்றத்தில் பாரம் எடுத்து நடத்த அவருக்குத் தெரிந்த சட்டத்தரணி ஒருவரையும் பிடித்துத் தந்தார்.

போன வாரம் வவுனியாவுக்குப் போனேன். கண்டவருடைய சாட்சியத்தையும் பெயர் தெரிந்தவளுடைய சாட்சியத்தையும் இணைத்து, நாலு பேரையும் நீதிமன்றத்தின் முன் கொண்டுவரச் சொல்லும் ஆட்கொணர்வு மனு தாக்கலானது. மனுதாரர் நான். வெளியே வந்து, யாருக்காவது சொல்லலாம் என்று போனை எடுத்தேன். ஆள் தோன்றவில்லை. உள்ளே திரும்பிப் போய் முதல் விசாரணைத் தவணைக்கான திகதியைக் கேட்டேன். அன்றைக்கு எனக்கு லீவு வேண்டும் என்று அந்த வாசலில் நின்றே அலுவலகத்துக்கு எழுதி அனுப்பினேன்.