பிழையைக் காட்டாத திரை

ஒரு தொழிலாளியின் வேலை போனதற்கு நான்தான் காரணம். உண்மை தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். எண்பதுகளின் இறுதியில், ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் நடந்தது இது.

அங்கே கம்ப்யூட்டர் வந்த புதிது. அந்த ஏ.சி. அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். பொறுப்பு என்னுடையது. காலையில் எடை போடும் பகுதியிலிருந்து ஃபிளாப்பி வரும். ஒரே ஒரு கட்டளையைத் தட்டுவேன். மெஷின் அதிலுள்ள தோல் எடையைப் பிரதி எடுத்து, தோலைப் பதப்படுத்தும் டிரம்மில் எவ்வளவு ஆசிட் ஊற்ற வேண்டும் என்று கணக்கிட்டுச் சீட்டு அடிக்கும். அதை ஜன்னல் வழியாக டிரம்காரரிடம் நீட்டுவேன். சீட்டைக் கேள்வி கேட்கக் கூடாது என்பது நாங்கள் போட்ட விதி.

முதலாளி அடிக்கடி வெளிநாட்டு விருந்தாளிகளை அழைத்து வருவார். "இன்னா சார், ஸ்கிரீன் பூரா கசகசன்னு ஓடுது?" என்று ஒரு நாள் முகம் சுளித்தார். எந்தச் செய்தியும் திரையில் வராதபடி கட்டளையை மாற்றினேன். பிழைச் செய்திகளும் அதோடு போயின.

ஒரு நாள் வெற்று ஃபிளாப்பி வந்துவிட்டது. மெஷினுக்கு அதைச் சொல்ல வழியில்லை. முந்தைய நாள் எடையையே வைத்துக்கொண்டு, புதுத் தேதி போட்டுச் சீட்டு அடித்தது. முந்தைய நாள் சரக்கோ இரண்டு மடங்கு.

மதியம் டிரம் பக்கம் கூச்சல். ஓடிப் போவதற்கு முன் ஃபிளாப்பியைப் பார்த்தேன். அதில் ஒன்றுமே இல்லை. டிரம் பக்கம் ஓடினேன். தோல்கள் கையோடு கிழிந்து வந்துகொண்டிருந்தன.

"குடிச்சிட்டு ரெண்டு தபா ஊத்திட்டியா?" என்றார் மேஸ்திரி.

"சீட்டுல போட்டதத்தான் ஊத்தினேன் மேஸ்திரி." டிரம்காரரின் சட்டைப்பையில் சீட்டு நனைந்து கூழாகியிருந்தது.

"மெஷின் குடிக்காதுடா, நீதான் குடிப்ப!"

எல்லோரும் சிரித்தார்கள். டிரம்காரர் என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க சொல்லுங்க சார்."

"கம்ப்யூட்டர்ல தப்பு எதுவும் காட்டல" என்றேன்.

அது பொய்யில்லை. காட்டாதபடி செய்தவனே நான்தான். அப்போதே அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

ஞாயிறு ஆராதனையில் டிரம்காரர் மனைவி பிள்ளைகளோடு எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பிரசங்கம் என் காதில் ஏறவே இல்லை. மறுநாள் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நமக்குள்ளயே இருக்கட்டும் சார். அவன திரும்ப கூப்டுக்கலாம்" என்றார் அவர்.

கூப்பிட நானே போனேன். டிரம்காரர் என்னை உட்காரச் சொல்லவில்லை.

"முதலாளி ரூம்புல சொன்னா ஆச்சா சார்? என்ன குடிகாரன்னு சொன்னது டிரம்மாண்ட."

மறுநாள் டிரம் அருகே, அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். தப்பு என்னுடையது, இவர் சீட்டின்படிதான் செய்தார் என்று. யாரும் சிரிக்கவில்லை. மேஸ்திரி தரையைப் பார்த்தார்.

கட்டளையையும் திருத்தினேன். ஒவ்வொரு படியிலும் மெஷின் சொல்வது தனிக் கோப்பில் பதிவாகும். பிரதி ஆகாவிட்டால் சீட்டு அடிக்காமல் நின்றுவிடும்.

அவர் வேலைக்குத் திரும்பினார். ஆனால், தினமும் காலையில் ஜன்னலருகே வந்து, சுற்றியிருப்பவர்கள் காதில் விழும்படி கேட்பார்: "இன்னா சார், இன்னிக்கு மெஷின் எதனா சொல்லுச்சா?" பின்னால் இருப்பவர்கள் சிரிப்பார்கள். நான் கோப்பைத் திறந்து, இருப்பதை அப்படியே படித்துக் காட்டிவிட்டுத்தான் சீட்டைக் கொடுப்பேன்.

அவர் என்னை மன்னித்துவிட்டார் என்று எழுத ஆசைதான். ஆனால் நான் ஓய்வு பெற்ற நாள்வரை அவர் அந்தக் கேள்வியை நிறுத்தவில்லை, நிறுத்தாததே நியாயம் என்று இன்றும் நினைக்கிறேன்.