கண்ணை மூடிக் கீறிய பிளான்

கதவுக்குப் பின்னால் சுவிட்ச் வைக்கிறவனை எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது. இப்போது நான் இருக்கிற ஃபிளாட்டில் குளியலறை லைட்டைப் போட உள்ளே போய், கதவைச் சாத்தி, அதற்குப் பிறகு சுவரைத் தடவ வேண்டும். கட்டினவன் இஞ்சினியராம். எங்கள் அப்பா இஞ்சினியர் இல்லை, கொழும்பு கொள்ளுப்பிட்டியில் ஒரு கம்பெனியில் கிளார்க். அவரும் இதே பிழையைத்தான் விட்டார். ஆனால் அவருக்கு எங்கள் அம்மா வாய்த்திருந்தார்.

சண்டை நடந்த காலம். எனக்கு எட்டு வயது. கொட்டாஞ்சேனையில் வாடகைக்கு இருந்துகொண்டு, வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் சொந்த வீடு கட்டிக்கொண்டிருந்தோம். சுவர் எழும்பிக் கூரையும் போட்டாயிற்று. பூசுவதற்கு முன் வயர் இழுக்க வேண்டும். அப்பா சதுரக் கோட்டுத் தாளில் சிவப்புப் பென்சிலால் ஒவ்வொரு சுவிட்சையும் குறித்துக்கொண்டு வந்தார். அழகான பிளான். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதை மட்டும் மறந்துவிட்டார்.

வயர் இழுக்க வந்த வேலைக்காரரைப் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம்; சிங்களவர், கொட்டாஞ்சேனைக்காரர் என்பதால் தமிழும் கதைப்பார். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாத்தயா, சுவிட்ச் எல்லாம் கதவுக்குப் பின்னால தானே? கள்ளனுக்கும் கஷ்டம், வீட்டுக்காரனுக்கும் கஷ்டம்."

அம்மாவின் தம்பி, என் மாமா, சிரித்துச் சிரித்து மண்குவியலில் இருந்துவிட்டார். அப்பாவின் முகம் போன போக்கைப் பார்த்து நானும் சிரித்தேன். அம்மா தாளை வாங்கி மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

"கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொருத்தரா உள்ளுக்கு வாங்கோ. கை எங்க போகுதோ அங்கதான் சுவிட்ச்."

அதைப்போல ஒரு சந்தோஷமான நாள் எனக்குப் பிறகு வாய்க்கவில்லை. அப்பா கண்ணை மூடிக்கொண்டு வந்து சீமெந்துச் சட்டிக்குள் காலை விட்டார். மாமா வெறிகாரன் மாதிரித் தள்ளாடி வந்து பாஸின் முகத்தைப் பிடித்து, "அத்தான், இந்தச் சுவிட்சுக்கு மீசை முளைச்சிருக்கு!" என்று கத்தினார். என் முறை வந்தபோது என் கை கதவு நிலையின் பாதி உயரத்தில் பட்டது. வளர்ந்துவிடுவாள், மேலே வையுங்கள் என்றார் அப்பா. வளரமாட்டேன் என்று நான் காலை உதைத்தேன். பாஸ் என் கை பட்ட இடத்தில் சோக்கட்டியால் வட்டம் போட்டார்.

கடைசியாக அம்மா படுக்கையறைக்குள் போனார். வாசல் லைட்டையும் ஹோல் லைட்டையும் கட்டிலில் படுத்தபடியே போட ஒரு சுவிட்ச் வேண்டும் என்றார்.

"ரெண்டு இடத்தில இருந்து போடுற டூவே சுவிட்ச் மேல்மாடிப் படிக்குத்தான் நோனா போடுற. இந்த வீட்டுக்கு என்னத்துக்கு? சும்மா வயர் கூடப் போகும்" என்றார் பாஸ்.

"படுத்துக்கொண்டு வாசல் லைட் போடவோ? உமக்கென்ன விசரே?" என்றார் அப்பா.

"அண்டைக்கு நீங்கள் சுவிட்சைத் தடவேக்க என்ன நடந்தது எண்டு மறந்திட்டியளோ?"

என்ன நடந்தது என்று எனக்கு வளர்ந்த பிறகுதான் சொன்னார்கள். கொட்டாஞ்சேனை வீட்டுக்கு ஒரு இரவு ஆமிக்காரர் செக்கிங் வந்திருக்கிறார்கள். அப்பா இருட்டில் கதவைத் திறந்துவிட்டு லைட்டைப் போடச் சுவர்ப் பக்கம் கையை நீட்டியிருக்கிறார். ஒருவனின் துவக்கு முனை நெஞ்சில் முட்டியிருக்கிறது. கையை அசைத்தால் சுடுவேன் என்று அவன் சிங்களத்தில் கத்தியிருக்கிறான். அவனும் பயந்துபோய்த்தான் நின்றானாம். இவ்வளவுக்கும் நான் உள்ளே நல்ல நித்திரை.

"போய்த் தட்டுங்கோ, காட்டுறன்" என்றார் அம்மா.

கட்டில் வரவேண்டிய இடத்தில் வெறும் சீமெந்துப் பைகளை விரித்துப் படுத்துக் கண்ணை மூடினார். அப்பா வெளியே போய், வாசலில் கதவுக்குப் பதில் சாத்தியிருந்த பலகையில் தட்டினார். அம்மா கையை நீட்டிச் செங்கல்லைத் தொட்டு, நாக்கால் "டக்" என்றார். பிறகு எழும்பி, இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

"எனவா மாத்தயா, எனவா..."

வருகிறேன் ஐயா, வருகிறேன் என்று அம்மா சிங்களத்தில் குழைந்தது எனக்கு நல்ல பகிடியாக இருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பாஸ் சிரிக்கவில்லை. போய், அம்மாவின் கை பட்ட இடத்தில் வட்டம் போட்டார்.

"வயர் கூடினாக் கூடட்டும் நோனா" என்றார்.

இனி நான்தான் தட்டுவேன் என்று அடம்பிடித்தேன். ஒரு விளையாட்டையும் இரண்டாம் தரம் விளையாடாத அம்மா, அன்றைக்கு மறுக்கவே இல்லை. நான் பலகையைப் போட்டு அடித்தேன். அம்மா கையை நீட்டி, "டக்" சொல்லி, கைகளை உயர்த்திக்கொண்டு வந்தார். திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டு, "இன்னொருக்காத் தட்டு பிள்ளை" என்றார். தட்டினேன். முதலில் செங்கல்லில் அங்கேயும் இங்கேயும் தடவின கை, போகப்போக, கண் மூடியிருக்கவே, நேரே வட்டத்தின் நடுவில் போய் நின்றது.

எங்கள் எல்லாரிலும் அம்மாதான் நல்லாக விளையாடுகிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.