சிறுமியர் படிக்கலாம்

புதிய புத்தகக் கட்டு வந்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், எனக்குத் தலைவலி. ஐம்பதுகளின் தொடக்கத்தில் சங்கரன்கோவிலில் ஒரு பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்தேன். நூலகம் என்று எங்களிடம் இருந்தது ஒரு கண்ணாடி அலமாரி. சாவி என்னிடம். அவ்வப்போது மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் சிறுவர் புத்தகங்கள் வரும். ஒன்று விடாமல் நான் படித்தாக வேண்டும். படித்து, முதல் பக்கத்தில் 'சிறுமியர் படிக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் புத்தகம் அலமாரியை விட்டு வெளியே போகும்.

இது தலைமையாசிரியை செய்த ஏற்பாடு. ஒருநாள் ஒரு தகப்பனார், மகள் கையில் கதைப் புத்தகத்தைப் பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கே வந்து சத்தம் போட்டார். அந்தப் புத்தகத்தில் இருந்தது ஒரு நரியும் இரண்டு கொக்கும். அவருக்குப் படிக்கத் தெரியாது. கதை என்ற சொல்லே அவருக்குப் போதுமாக இருந்தது. அவர் போன பிறகு தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். "நீங்க படிச்சுப் பாத்து எழுதிக் கையெழுத்துப் போட்டுருங்க டீச்சர். நாளைக்கு யாரும் நம்மளக் கேக்க முடியாதுல்லா" என்றார். கேட்டால் உன்னைக் கேட்கட்டும் என்பதுதான் அதற்கு அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துணியெல்லாம் துவைத்துப் போட்டுவிட்டு அந்தப் புத்தகங்களோடு உட்காருவேன். பொய் சொன்ன பையன் கிணற்றில் விழுவான். உண்மை சொன்ன பையனுக்கு ராஜா பாதி நாட்டைக் கொடுப்பார். பெண்பிள்ளை ஒருத்தி வந்தாள் என்றால் அவள் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று அர்த்தம். அவள் கஞ்சி காய்ச்சுவாள், கதை முடிந்துவிடும். பத்திக்கு ஒரு தடவை 'குழந்தைகளே!' என்று கூப்பாடு வேறு. கஞ்சி காய்ச்சுவதைப் பற்றிப் படிக்கவா எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் வருகிறார்கள்? காலையில் அதைக் காய்ச்சி வைத்துவிட்டுத்தானே வருகிறார்கள். இருந்தாலும் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டேன். வெறும் அலமாரிக்கு அது மேல் என்று நினைத்துக்கொள்வேன்.

என் கையெழுத்துக்கு நீளமான வால் ஒன்று உண்டு. எழுத்தறியாத தகப்பன்மார்கள் முதல் பக்கத்தைப் புரட்டி அந்த வாலைத்தான் தேடுவார்கள். வால் இருந்தால் புத்தகம் வீட்டுக்குள் போகும். ஊரில் எனக்கு இருந்த ஒரே செல்வாக்கு அதுதான்.

உண்மையில் எது நல்ல புத்தகம் என்று எனக்குச் சொன்னவள் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி. அவளுடைய அப்பாவுக்கு மேலநீலிதநல்லூர் பக்கம் பருத்திக் காடு. வீடு ஊருக்குள் தேரடிக்குப் பின்னால். நான் கையெழுத்துப் போட்டதை முதலில் அவளிடம்தான் கொடுப்பேன். மறுநாளே திருப்பித் தந்துவிடுவாள். "சவத்துக் கதை டீச்சர்" என்பாள். எப்போதாவது, "இத எல்லாருக்கும் குடுங்க" என்பாள். அவள் சொன்ன பிறகுதான் மற்றப் பிள்ளைகளிடம் நான் ஒரு புத்தகத்தைத் தைரியமாகச் சிபாரிசு செய்வேன்.

அந்த வருடம் தை மாதம் அவள் வயதுக்கு வந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். பங்குனியில் எட்டாம் வகுப்புப் பரீட்சை. நான் அவள் வீட்டுக்குப் போய் அவளுடைய அப்பாவிடம் மன்றாடினேன். மனிதர் நல்லவர். "பரீட்சைக்குப் பேருதான் குடுத்தாச்சே, அத மட்டும் எழுதிட்டு வரட்டும் டீச்சரம்மா" என்றார். அதுவரை அவளை வெளியே விட மாட்டார்கள் என்பதால், எங்களிடம் இரண்டாம் வகுப்புப் படித்த அவளுடைய தங்கையின் கையில் புத்தகங்களைக் கொடுத்தனுப்பினேன். அந்த வீட்டிலிருந்து திரும்பி வரும் புத்தகங்களின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்திருக்கும். தீட்டுக்கு அவளுடைய அம்மா செய்தது. அட்டை மஞ்சள் பூத்து, தாள் உப்பி வரும். வெயிலில் காயப்போட்டு எடுத்து வைப்பேன்.

அப்போதுதான் அந்தக் கட்டு வந்தது. அதில் ஒரு புத்தகம். தகப்பன் படுக்கையில் விழுந்துவிட, மகள் தானே வண்டி பூட்டிப் பருத்தியைச் சந்தைக்குக் கொண்டுபோய், வியாபாரிகளிடம் வாயாடி நல்ல விலைக்கு விற்றுவிட்டு வருகிறாள். அவ்வளவுதான் கதை. 'குழந்தைகளே' கிடையாது, கஞ்சியும் கிடையாது. படித்து முடித்ததும் எனக்கே வண்டியில் போய் வந்த மாதிரி இருந்தது. இரண்டு வருடத்தில் முதன்முறையாக மனமாரக் கையெழுத்துப் போட்டு, அன்றைக்கே தங்கையிடம் கொடுத்தனுப்பினேன்.

அடுத்த வாரம் அவளுடைய அப்பாவும் தாய்மாமனும் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். மாமன் சிவகிரியிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். ஆவணியில் அவருக்கும் அவளுக்கும் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். அவர் கையில் மஞ்சள் கறையோடு அந்தப் புத்தகம்.

"இதப் படிச்சுப் பாத்துதான் கையெழுத்துப் போட்டியளா டீச்சர்?" என்று மாமன் கேட்டார்.

"படிச்சுத்தான் போட்டேன்."

"பொம்பளப் பிள்ள தனியா வண்டி அடிச்சுக்கிட்டுப் போறா. மாமன்காரன் வழியில நின்னு 'நில்லுட்டி'ங்கான். நிக்காமப் போறா. மாமனக் கிறுக்கனாட்டம்லா எழுதியிருக்கான்!"

"அது கதையில வார மாமன். நீங்க இல்லையே" என்றேன்.

"எல்லா மாமனையும் சேத்துத்தான் சொல்லுது."

அவளுடைய அப்பா மீசையைத் தடவிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "நான் எழுத்துத் தெரியாதவன் டீச்சரம்மா. உங்க கையெழுத்த நம்பித்தான் வீட்டுக்குள்ள விட்டேன். இவன் இப்படிச் சொல்லுதான். கட்டிக்கப்போறவன் பேச்ச நான் எப்படித் தட்ட? நீங்க அந்தக் கையெழுத்த அடிச்சிருங்க. பிள்ள பரீட்சைக்கு வருவா. இல்லன்னா என்னால அனுப்ப முடியாது."

மாமன் எட்டாம் வகுப்புப் பரீட்சையில் தோற்றவர் என்று எனக்குத் தெரியும். சிவகிரியிலிருந்து வரும் எங்கள் பள்ளி ஆசிரியை ஒருத்தி சொல்லியிருந்தாள். புத்தகத்தில் ஒன்றும் இல்லை. தான் தோற்ற பரீட்சையில் பெண்டாட்டி தேறிவிடுவாளோ என்பதுதான் மனிதருக்குப் பயம். கேட்டுவிட வாய் துறுதுறுத்தது. கேட்டிருந்தால் அவர் முகம் செத்துப்போயிருக்கும், பிள்ளையின் பரீட்சையும் அதோடு போயிருக்கும். நான் ஏற்கெனவே களைத்துப் போயிருந்தேன். பேனாவை எடுத்து என் கையெழுத்தின் குறுக்கே ஒரு கோடு கிழித்தேன்.

"படிக்கக் கூடாதுன்னு கீழ எழுதுங்க" என்றார் மாமன்.

"அடிக்கச் சொன்னிய, அடிச்சாச்சு."

"போதும் மாப்ள, வா" என்று அவளுடைய அப்பா அவரைக் கூட்டிக்கொண்டு போனார். ஆனால் மாமன் அதோடு விடவில்லை. டீச்சரே தப்பென்று ஒப்புக்கொண்டு அடித்துவிட்டார் என்று பஸ் ஏறும் வரை கடைத்தெருவில் சொல்லிக்கொண்டு போயிருக்கிறார். அதற்கு மேல் அந்தப் புத்தகத்தில் நான் மறுபடி கையெழுத்துப் போட்டால், மற்றப் புத்தகங்களில் இருக்கும் கையெழுத்தையும் ஒருவரும் நம்ப மாட்டார்கள். அலமாரியின் அடித்தட்டில் கொண்டுபோய் வைத்தேன்.

அவள் பரீட்சைக்கு வந்தாள். தாவணியைத் தோளோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு வருவாள். வெளியே வேப்பமரத்தடியில் அவளுடைய அம்மா காத்திருப்பார். அவள் குனிந்த தலை நிமிராமல் எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம், நான் செய்தது சரிதான் என்று இருந்தது.

கடைசிப் பரீட்சை முடிந்ததும் அலமாரிக்கு வந்தாள். "அந்த வண்டிக்காரி புஸ்தகம் எங்கன டீச்சர்? நான் முடிக்கதுக்குள்ள மாமா வாங்கிட்டுப் போயிட்டாவ." எடுத்துக் கொடுத்தேன். முதல் பக்கத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். நடந்தது எதையும் வீட்டில் அவளிடம் சொல்லவில்லை போலிருக்கிறது.

"இது நல்ல புஸ்தகம் இல்லையா டீச்சர்?"

"நல்ல புஸ்தகம்தான்."

"அப்ப ஏன் அடிச்சிய?"

"அடிச்சாத்தான் உன்னப் பரீட்சைக்கு அனுப்புவோம்னாவ. நீ எழுதணும்லா."

அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டினாள். "நான் எழுதி என்ன டீச்சர்? ஆவணியில சிவகிரிக்குப் போயிருவேன். அங்கன போய் அத வச்சு என்ன செய்ய? இது இங்கன இருந்தா, என் தங்கச்சி பெரிசாகதுக்குள்ள எத்தன பிள்ளைக படிச்சிருக்கும். இப்படி ஒண்ணே ஒண்ணு வந்துது. அதையும் அடிச்சிட்டியளே."

எனக்குக் கோபம் வந்தது. யாருக்காக அடித்தேன்? நன்றி கெட்ட பிள்ளை என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். ஆனால் அவள் சொன்னதில் எங்கே தப்பு என்று தேடினால் ஒன்றும் அகப்படவில்லை. வெளியே அவளுடைய அம்மா கூப்பிட்டார். படித்து முடிக்காத புத்தகத்தை அவளே அடித்தட்டில் வைத்து, அலமாரியைச் சாத்திவிட்டுப் போனாள்.

விடுமுறை கழிந்து முடிவு வந்தது. எங்கள் பள்ளிக்கூடத்திலேயே அவள்தான் முதல். நேரில் போய்ச் சொல்ல வேண்டிய சந்தோஷம்தான். அவள் முன்னால் போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை. தங்கையைக் கூப்பிட்டு, அக்கா தேறிவிட்டாள் என்று வீட்டில் போய்ச் சொல் என்று அனுப்பினேன்.