பௌர்ணமிக்கு வராத பக்கம்

செங்கம் சாலையில் ஒரு லாட்ஜுக்கு இணையதளம் செய்து கொடுத்திருந்தேன். அறை விவரங்களை ஓனரே குறியீடுகளோடு ஒரு கோப்பில் தட்டிவிடுவார். அதைப் படித்துப் பக்கமாக மாற்ற, முகம் தெரியாத ஒரு வெளிநாட்டுக்காரர் எழுதி இலவசமாக வைத்திருந்த ‘லைப்ரரி’ என்கிற சின்ன நிரல் தொகுப்பைப் போட்டிருந்தேன்.

பௌர்ணமிக்கு முந்தின நாள் காலை, பக்கம் வெள்ளையாக நின்றது.

“இன்னா சார், ஒண்ணுமே வரல. கிரிவலத்துக்கு ரூம் கேக்கறவங்களுக்கு நான் இன்னா பதில் சொல்றது?” என்று ஓனர் விடாமல் போன் செய்தார்.

கோப்பை வரி வரியாகப் பார்த்தேன். தப்பே தெரியவில்லை. எரிச்சல் தலைக்கேறியது. ‘உருப்படியாக எழுதத் தெரியாத நீங்கள் எதற்கு ஊருக்குக் கொடுக்கிறீர்கள்?’ என்று லைப்ரரிக்காரருக்கு ஆங்கிலத்தில் எழுதி, கோப்பையும் இணைத்து அனுப்பினேன்.

மதியம் பதில் வந்தது. “முதல் வரியில் ஓர் எழுத்து தனியாக நிற்கிறது. அதில்தான் லைப்ரரி தடுக்கி விழுகிறது. என்ன எழுத்து என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கு முக்கியமானதாக இருக்கலாம். அதைத் தாண்டிப் படிக்கும்படி மாற்றிவிட்டேன்.”

பிள்ளையார் சுழி. பௌர்ணமிக்கான புதுப் பட்டியல் என்று ஓனர் மேலே ஒரு ‘உ’ போட்டிருந்தார். மளிகைச் சீட்டிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை பார்த்துப் பழகிய என் கண்ணில் அது படவே இல்லை.

மாற்றிய லைப்ரரியைப் போட்டதும் பக்கம் வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டு எழுத உட்கார்ந்தேன். அந்த ‘உ’ முதலில் என் கண்ணில் பட்டிருந்தால், ஓனரைத் திட்டி அதை அழிக்கச் சொல்லியிருப்பேன்.